தெரிவுப் பட்டியல்களும் கள ஊழியரின் நேரமும்

அரசாங்கத்தின் திட்டங்கள் பெரும்பாலும் இன்று ஏதேனும் ஓர் இணையப் படிவத்தின் வாயிலாகவே மக்களைச் சென்றடைகின்றன. பள்ளியில் சேர்ந்த மாணவர்களின் தொகை, குழந்தைகளுக்கு இடப்பெற்ற தடுப்பூசி, உழவர் செலுத்திய காப்பீட்டுப் பிரீமியம், கிணற்றின் நீர்மட்டம் ஆகிய எதுவாயினும், அதனை ஒருவர் கைப்பேசித் திரையிலோ கணிப்பொறித் திரையிலோ கட்டம் கட்டமாக நிரப்பியாக வேண்டும். இக்கட்டங்களுள் ஒரு வகை தனிக் கவனத்துக்கு உரியது. ஊழியர் தாமாக எதையும் எழுதாமல், முன்னரே ஆயத்தம் செய்து வைத்த பெயர் வரிசையிலிருந்து ஒன்றைத் தெரிந்தெடுக்கும் கட்டம் அது. அலுவலகங்களில் 'டிராப் டவுன்' என்று வழங்குவது இதுவே. இங்கு அதனைத் தெரிவுக் கட்டம் எனக் குறிக்கலாம்.

இத்தகைய கட்டம் அற்பமான ஒன்றெனவே பலரும் கருதுவர். படிவத்தை வகுக்கும் குழுவினர், எந்தெந்த விவரங்களைக் கேட்பது என்பது பற்றிப் பல நாள் ஆலோசிக்கின்றனர். கிராமப் பெயரைத் தெரிந்தெடுக்கும் முறையைப் பற்றி அரை மணி நேரமும் ஆலோசிப்பதில்லை. மென்பொருளில் ஆயத்தமாகக் கிடைக்கும் பட்டியல் ஒன்றை எடுத்து வைத்துவிட்டால் வேலை முடிந்தது என்பது எண்ணம். பின்னர்ப் புள்ளிவிவரங்களில் பிழை மலியும்போது, கள ஊழியரின் கவனக்குறைவு என்ற காரணம் எளிதில் கூறப்படுகிறது, பயிற்சி முகாம்கள் கூட்டப்படுகின்றன, சுற்றறிக்கைகள் விடுக்கப்படுகின்றன. அப்பிழைகளுள் பல, படிவத்தின் அமைப்பிலேயே விதைக்கப்பட்டவை என்பதும், எத்துணைப் பயிற்சி அளித்தாலும் அவை களையப்படா என்பதும் இக்கட்டுரையின் கருத்து.

முதற்கண், பெயர் வரிசை எதற்கு, ஊழியரே எழுதிவிட்டால் என்ன என்று கேட்போர் உண்டு. இதற்கு விடை கூறும் நிகழ்ச்சி இந்நாட்டிலேயே நடந்திருக்கிறது. 2011-இல் தொடங்கிய சமூகப் பொருளாதார, சாதிக் கணக்கெடுப்பு, கையடக்கக் கணிப்பொறியைக் கொண்டு காகிதமின்றி நடத்தப்பெற்றது. அதில் சாதிகள், உட்பிரிவுகள் முதலியவற்றின் பெயர்களாகப் பதிவானவை 46 இலட்சத்துக்கும் மேற்பட்டவை என, 2021-இல் மத்திய அரசாங்கம் உச்ச நீதிமன்றத்தில் தாக்கல் செய்த பிரமாணப் பத்திரம் கூறுகிறது. 1931-ஆம் ஆண்டுக் கணக்கெடுப்பில் எண்ணப்பெற்ற சாதிகள் 4,147 என்பதையும் அப்பத்திரமே சுட்டுகிறது. மகாராஷ்டிரத்தில் அரசாங்க அட்டவணைகளில் உள்ள பிரிவுகள் 494. அம்மாநிலத்தில் மட்டும் பதிவான பெயர்களோ 4 இலட்சத்து 28 ஆயிரத்துக்கும் மேல். எண்பது ஆண்டுகளில் சாதிகள் ஆயிரம் மடங்கு பெருகிவிடவில்லை. பெருகியவை எழுத்துக்கூட்டல்களே. ஒரே பெயரை ஒருவர் ஒருவிதமாகவும் மற்றவர் வேறுவிதமாகவும் எழுதினர். சாதிப் பெயர் கேட்ட இடத்தில் குலப் பெயரும் குடும்பப் பெயரும் இடம் பெற்றன. கணிப்பொறிக்கு ஓர் எழுத்து மாறினாலும் அது வேறு பெயர்தான். அத்துணைப் பாடுபட்டுத் திரட்டிய சாதி விவரங்கள் இதனாலேயே பயன்படுத்த இயலாதவை என ஒதுக்கப்பட்டன. வீடு வீடாகச் சென்று கேட்டு எழுதியவர் மீது இதில் குற்றம் காண்பதற்கு யாதும் இல்லை. அவர் காதில் விழுந்ததை எழுதினார். ஒழுங்கு செய்த பெயர்ப் பதிவேடு அவர் கையில் கொடுக்கப்படவில்லை.

வேளாண்மைத் துறையிலும் இச்சிக்கல் உண்டு. துவரையை வட இந்தியாவில் ஓரிடத்தில் அர்ஹர் என்பர். மற்றோரிடத்தில் தூர் என்பர். ஆங்கிலத்தில் ரெட் கிராம் என்றும் பீஜன் பீ என்றும் இரு பெயர்கள். எழுதும் உரிமையை ஊழியரிடம் விட்டால், ஒரே பயிரின் பரப்பு நான்கு பயிர்களின் பரப்பாகச் சிதறும். பட்டியல் கொடுத்தாலும் அதில் இந்நான்கில் ஒன்று மட்டும் இருந்தால், மற்ற மூன்று பெயர்களைக் கொண்டு தேடுபவர் பயிர் இல்லை என்று எண்ணி 'மற்றவை' என்பதைத் தொட்டுவிடுவார். சோளமும் மக்காச்சோளமும் இதற்கு நேர்மாறான தொல்லை தருவன: பயிர் இரண்டு, ஆனால் பேச்சு வழக்கில் பல வட்டாரங்களில் பெயர் ஒன்று. ஆகவே பட்டியல் வேண்டும் என்பதில் ஐயமில்லை. எத்தகைய பட்டியல் என்பதே வினா.

பட்டியலும் தவறு செய்ய வல்லது. எழுதுவதால் வரும் தவறைக் காட்டிலும் அதன் தவறு மறைவானது. எழுத்துப் பிழையைக் கண்டவுடன் இது பிழை என்று அறியலாம். பட்டியலில் அடுத்த வரியைத் தொட்டுவிட்டால், பதிவாவது பிழையற்ற எழுத்துக்கூட்டலுடன் கூடிய, உண்மையிலேயே உள்ள, வேறொரு கிராமத்தின் பெயர். எந்தச் சோதனையும் அதைப் பிடிப்பது அரிது.

இதனால் என்ன நேரும் என்பதைப் பிரதம மந்திரி பயிர்க் காப்பீட்டுத் திட்டம் தெளிவாகக் காட்டும். 2016-இல் தொடங்கிய இத்திட்டத்தில், முக்கியப் பயிர்களுக்குக் காப்பீட்டு அலகு கிராமம் அல்லது கிராம ஊராட்சி ஆகும். பரவலான விளைச்சல் இழப்பு நேர்ந்தால், ஒவ்வொரு வயலையும் தனித்தனியே அளந்து இழப்பீடு கணக்கிடுவதில்லை. அலகின் பல இடங்களில் பயிர் அறுவடைச் சோதனை நடத்தி, அங்குக் கண்ட சராசரி விளைச்சலை வரையறுத்த விளைச்சலோடு ஒப்பிடுகின்றனர். வங்கியிலோ பொதுச் சேவை மையத்திலோ விண்ணப்பம் நிரப்புபவர், உழவரின் ஊருக்குப் பதிலாக அதன் கீழ் வரியில் உள்ள ஊரைத் தொட்டுவிட்டால், அவ்வுழவரின் நட்டம் தாம் ஒருபோதும் உழுதறியாத நிலத்தின் விளைச்சலைக் கொண்டு தீர்மானிக்கப்படும். தமது ஊரில் வறட்சி, அவ்வூரில் நல்ல விளைச்சல் எனின் அவருக்குக் கிடைப்பது ஒன்றுமில்லை. பிரீமியத்தை அவர் முறையாகச் செலுத்தியிருப்பார், ரசீதும் வைத்திருப்பார்.

அடுத்த வரியைத் தொடுவது அத்துணை எளிதா என ஐயுறுவோர் வட இந்தியக் கிராமப் பெயர்களை நோக்குக. ஒரே பெயரோடு 'கலான்' என்றும் 'குர்து' என்றும் சேர்த்துப் பெரிய ஊர், சிறிய ஊர் எனப் பிரிப்பது அங்குப் பெருவழக்கு. மகாராஷ்டிரத்தில் 'புத்ருக்', 'குர்து' என்பர். அகர வரிசையில் இவ்விரண்டும் அருகருகே அமையும். கைப்பேசியின் குறுகிய திரையில் நீண்ட பெயரின் வால் வெட்டுப்பட்டு மூன்று புள்ளிகளாக மாறும்போது, வேறுபடுத்திக் காட்டும் சொல்லே மறைந்துவிடுகிறது. எஞ்சி நிற்பவை எழுத்துக்கு எழுத்து ஒத்த இரண்டு வரிகள். இவற்றுள் ஒன்றைக் கண்ணை மூடிக்கொண்டு தொடுவதற்கும் திறந்துகொண்டு தொடுவதற்கும் வேறுபாடு இல்லை. பெயரை இரண்டு வரியாக மடித்துக் காட்டுவது என்ற ஒரே மாற்றம் இப்பிழையை நீக்கப் போதும். அதற்குப் புதிய விஞ்ஞானம் எதுவும் வேண்டியதில்லை.

பட்டியலின் நீளம் அடுத்துக் கருதற்குரியது. ஆம், இல்லை என்ற இரண்டே விடைகளைக் கீழ்விரி பட்டியலுக்குள் ஒளித்து வைக்கும் படிவங்கள் ஏராளம். திறக்க ஒரு தொடுகை, தெரிந்தெடுக்க ஒரு தொடுகை என வேலை இரட்டிப்பாகிறது. இரண்டையும் திரையிலேயே வெளிப்படையாக வைத்துவிட்டால் ஒரு தொடுகை போதும். ஐந்தாறு விடைகள் வரை இவ்வாறே செய்யலாம். 28 மாநிலங்களும் 8 யூனியன் பிரதேசங்களும் சேர்ந்த 36 பெயர்கள் கீழ்விரி பட்டியலுக்கு ஏற்ற அளவின் மேல் எல்லை எனலாம். அவற்றின் வரிசையை யாவரும் ஓரளவு அறிவர். அதற்கு மேற்பட்டால் தேடும் வசதி இன்றியமையாதது. பிறந்த ஆண்டை நூறு ஆண்டுகளின் பட்டியலிலிருந்து எடுக்கச் சொல்வது வீண் வேலை. 1950 என்ற நான்கு இலக்கங்களைத் தட்டுவதற்கு அறுபது, எழுபது வரிகளை உருட்டிச் செல்வதைவிட மிகக் குறைந்த நேரமே ஆகும்.

கிராமங்களின் நிலைமை இவற்றினும் பெரிது. 2011-ஆம் ஆண்டு மக்கள் கணக்கெடுப்பின்படி இந்நாட்டில் 640 மாவட்டங்களும் 6 இலட்சத்து 40 ஆயிரத்துக்கும் மேற்பட்ட கிராமங்களும் இருந்தன. சராசரியாக மாவட்டம் ஒன்றுக்கு ஆயிரம் கிராமங்கள். கைப்பேசித் திரையில் ஒரு முறைக்கு எட்டு வரிகள் தெரியுமெனின், ஒரு மாவட்டத்தின் பட்டியலைக் கடைசி வரை பார்க்க 125 திரைகளை உருட்ட வேண்டும்.

தெரிந்தெடுக்கும் நேரத்தைப் பற்றி உளவியல் அறிஞர் ஹிக் 1952-இலும், ஹைமன் 1953-இலும் செய்த சோதனைகள் பிரசித்தமானவை. விடைகளின் எண்ணிக்கை இரு மடங்காகும்போது முடிவெடுக்கும் நேரம் இரு மடங்காவதில்லை. ஒரு குறிப்பிட்ட சிறு அளவே கூடுகிறது என்பது அவர்கள் கண்ட விதி. இதனைக் காட்டி, பட்டியல் நீண்டால் பெரிய தீங்கு இல்லை என்று வாதிடுவோர் உள்ளனர். விதி உண்மையே, ஆனால் அது விடைகள் இன்னவை, இன்ன இடத்தில் உள்ளன என்று முன்னரே பழகியவர்க்கு உரியது. எந்த ஒழுங்கில் அமைந்தது என்று அறியாத பட்டியலில் ஒவ்வொரு வரியையும் படித்தே ஆக வேண்டும். அங்கு நீளம் இரு மடங்கானால் நேரமும் இரு மடங்காகும். பட்டியலின் வரிசை ஒழுங்கு ஊழியருக்குப் புலப்பட வேண்டும் என்பதே இவ்விதியிலிருந்து பெறத்தக்க பாடம்.

இவ்விடத்தில் தமிழ் முதலிய இந்திய மொழிகளுக்கே உரிய சில இடர்ப்பாடுகளைக் குறிப்பிடுதல் தகும். யூனிகோடு முறையில் எழுத்துகளுக்கு வழங்கியுள்ள எண்களின் வரிசை, பள்ளியில் கற்பிக்கும் நெடுங்கணக்கின் வரிசை அன்று. நெடுங்கணக்கில் ய, ர, ல, வ, ழ, ள, ற, ன என்று வரும். எண் வரிசையிலோ ந-வை அடுத்தே ன வந்துவிடுகிறது. ர-வை அடுத்து ற, அதன்பின் ல, ள, ழ, வ என்று செல்கிறது. புள்ளியின் எண் உயிர்மெய்க் குறிகளின் எண்களுக்குப் பிற்பட்டதாதலின், மெய்யெழுத்து தனக்குரிய முதலிடத்தை இழந்து ஔகார வரிசைக்கும் பின்னே தள்ளப்படுகிறது. மென்பொருளாளர் மொழிக்குரிய வரிசை விதியைப் பயன்படுத்தாமல் எண்களைக் கொண்டே அடுக்கிவிட்டால், நெடுங்கணக்கை நன்கு கற்ற ஆசிரியர்தாம் மிகுதியாக இடர்ப்படுவார். எழுத்து இருக்க வேண்டிய இடத்தில் தேடிக் காணாமல் திகைப்பார். மொழிதோறும் வரிசை விதிகள் வகுக்கப்பெற்று, மென்பொருள்களில் ஆயத்தமாகவே கிடைக்கின்றன. அவற்றை இயக்குவதற்கு மனமே வேண்டும்.

மற்றொன்று: ஓகாரக் குறியை ஒரே எண்ணாகவும் பதியலாம், இரட்டைக் கொம்பும் காலும் எனப் பிரித்து இரண்டு எண்களாகவும் பதியலாம். திரையில் இரண்டும் ஒன்றுபோலவே தோன்றும். 'கோ' என்று தொடங்கும் ஊரை ஊழியர் ஒரு விதமாகத் தட்டி, பட்டியலில் அது வேறு விதமாகப் பதிவாகியிருந்தால், கண்ணெதிரே உள்ள பெயர் தேடலில் அகப்படாது. இரு வடிவங்களையும் ஒன்றாக்கிய பின்னரே ஒப்பிட வேண்டும். சேமிப்பின் அளவும் நினைவிற்கொள்ளத்தக்கது. யூடிஎஃப்-8 முறையில் ஆங்கில எழுத்து ஒன்றுக்கு ஒரு பைட்டு போதும். தமிழ்க் குறி ஒவ்வொன்றுக்கும் மூன்று பைட்டுகள் வேண்டும். கோயம்புத்தூர் என்ற பெயர் பதின்மூன்று குறிகளால் ஆனது. அதற்கு 39 பைட்டுகள். ஆங்கிலத்தில் எழுதும் அதன் பழைய வடிவத்துக்குப் பத்துப் பைட்டுகளே. பட்டியல் முழுவதையும் ஒவ்வொரு முறையும் கைப்பேசிக்கு அனுப்பும் படிவம், தாய்மொழியில் வேலை செய்வோரையே அதிகம் காக்க வைக்கிறது.

தேடும் வசதி என்பதும் பெயருக்கு இருந்தால் போதாது. உலாவிகளில் இயல்பாக அமைந்த பட்டியல், தட்டும் எழுத்துகளைப் பெயரின் தொடக்கத்தோடு மட்டுமே ஒப்பிடும். பெயரின் இரண்டாம் சொல்லை நினைவில் வைத்திருப்பவருக்கு அது உதவாது. ஆங்கில எழுத்தில் டி-ஐ-ஆர்-யு எனத் தொடங்கினாலும், டி-எச்-ஐ-ஆர்-யு எனத் தொடங்கினாலும் திருவள்ளூர் அகப்பட வேண்டும். சிப்சாகர் என்று தேடுபவருக்குச் சிவசாகரும், நவ்காங் என்று தேடுபவருக்கு நகாவ்னும் கிடைக்க வேண்டும். அலகாபாத் மாவட்டம் 2018-இல் பிரயாக்ராஜ் ஆயிற்று. பழைய பெயரால் தேடுபவரை வெறுங்கையோடு திருப்பி அனுப்புவது முறையன்று. பதிவில் புதிய பெயர் நிற்கட்டும். தேடலுக்குப் பழைய பெயர், மக்கள் வழங்கும் பெயர், சுருக்கப் பெயர் ஆகிய யாவும் துணையாக இருக்கட்டும்.

ஒலியால் ஒத்த பெயர்களை ஒன்றுசேர்க்கும் முறை நூறாண்டுகளுக்கு முற்பட்டது. சவுண்டெக்ஸ் என்ற அம்முறைக்கு ரஸ்ஸல் என்பார் 1918-இல் அமெரிக்காவில் காப்புரிமை பெற்றார். அதனை அப்படியே இங்குக் கொண்டுவருதல் பயன் தராது. சொல்லின் நடுவில் ப-வும் வ-வும் வந்தால் அது ஒன்றாகவே கொள்ளும். முதலெழுத்தை மட்டும் மாற்றாமல் வைத்துக்கொள்ளும். விஜாப்பூர், பீஜாப்பூர் என முதலெழுத்திலேயே இம்மயக்கம் நிகழும் நாட்டில் அம்முறை பாதி வழியில் நின்றுவிடுகிறது. ரஷ்ய அறிஞர் லெவன்ஷ்டீன் 1965-இல் வகுத்த அளவுகோல் இன்னும் பொதுவானது: ஒரு சொல்லை மற்றொரு சொல்லாக்க எத்தனை எழுத்துகளைச் சேர்க்கவோ நீக்கவோ மாற்றவோ வேண்டும் என்று எண்ணுவது அது. இவ்விரண்டோடு, அந்தந்த வட்டாரத்தின் ஒலி மயக்கங்களை அறிந்த மொழி ஆசிரியர் சிலரின் உதவியையும் பெற்று விதிகளை அமைக்கலாம். இப்பணிக்கு ஆசிரியர்கள் அழைக்கப்படுவதில்லை என்பது வருந்தத்தக்கது.

இவ்வளவு பெரிய பட்டியலில் தேடினால் கணிப்பொறி தாமதிக்குமே என்ற அச்சம் ஆதாரமற்றது. பேயரும் மெக்ரைட்டும் 1970-இல் போயிங் நிறுவனத்தின் ஆய்வுக்கூடத்தில் வகுத்த பி-மரம் என்னும் அட்டவணை முறையில், பக்கம் ஒன்றுக்கு நூறு பெயர்கள் என வைத்தால், மூன்றே பக்கங்களைப் புரட்டிப் பத்து இலட்சம் பெயர்களுள் ஒன்றைக் கண்டெடுக்கலாம். அகராதியின் விளிம்பில் எழுத்து வாரியாக வெட்டிய படிகளைப் போன்றது இது. தாமதம் கணிப்பொறியில் இல்லை; கம்பியில்லாத் தொடர்பில் இருக்கிறது. பத்தில் ஒரு வினாடிக்குள் விடை வந்தால் அது உடனடியாக வந்ததாகவே மனிதர்க்குத் தோன்றும் என்பதை 1968-லேயே ராபர்ட் மில்லர் எடுத்துக் காட்டினார். மலைப்பகுதியில் அலைவரிசை குறைந்த இடத்தில் இந்த அளவை எட்ட இயலாது. ஆகவே ஒவ்வோர் எழுத்துக்கும் ஒரு வினாவை அனுப்பாமல், விரல் சற்றே ஓயும்போது ஒருமுறை அனுப்புதல் நலம். முன்னர் அனுப்பிய வினாவின் விடை பின்னர் வந்து சேர்ந்து, திரையில் உள்ள பட்டியலை மாற்றிவிடாமல் காத்தலும் வேண்டும். விரல் இறங்கும் கணத்தில் வரிகள் இடம் மாறினால், தொட நினைத்தது ஒன்று, தொடப்பட்டது ஒன்றாக முடியும்.

மாநிலம், மாவட்டம், ஒன்றியம், கிராமம் என்று படிப்படியாகக் கேட்கும் முறையே இன்று பெரும்பாலும் வழக்கில் உள்ளது. நிர்வாக அமைப்போடு ஒத்திருப்பதால் அலுவலகங்களுக்கு இது மிக உவப்பானது. பிலாஸ்பூர் இமாசலத்திலும் சத்தீஸ்கரிலும் உண்டு. ஹமீர்பூர் உத்தரப் பிரதேசத்திலும் இமாசலத்திலும் உண்டு. பிரதாப்கர் உத்தரப் பிரதேசத்திலும் ராஜஸ்தானிலும் உண்டு. மாநிலத்தை முதலில் கேட்டுவிட்டால் இம்மயக்கம் தீரும் என்பது இம்முறையின் நன்மை. ஆயினும் அதன் தீமைகள் மிகுதி. ஒவ்வொரு படியிலும் அடுத்த பட்டியல் வந்து சேரும் வரை காத்திருக்க வேண்டும். இரண்டாம் படியில் தவறியதை நான்காம் படியில் உணர்ந்தால், நிரப்பியது யாவும் அழிந்து மீண்டும் தொடங்க வேண்டும். ஒன்றியம் என்று கேட்கும் இடத்தில் வளர்ச்சி வட்டாரத்தைக் கேட்கிறார்களா, வருவாய் வட்டத்தைக் கேட்கிறார்களா என்பது தெளிவாக இராது. எல்லைகளும் நிலையாக நிற்பதில்லை. தெலங்கானாவில் 2014-இல் 10 மாவட்டங்கள் இருந்தன. 2016-இல் அவை 31 ஆயின. 2019-இல் 33 ஆயின. ஆந்திரப் பிரதேசத்தில் 2022 ஏப்ரலில் 13 மாவட்டங்கள் 26 ஆயின. தமது கிராமத்தை நன்கு அறிந்த ஊழியர், அது இப்படிவத்தின் கணக்கில் பழைய மாவட்டத்தில் உள்ளதா, புதிய மாவட்டத்தில் உள்ளதா என்று ஊகிக்க வேண்டியவராகிறார்.

இவற்றினும் எளிய வழி ஒன்று உண்டு. கிராம சுகாதாரச் செவிலியரோ, வேளாண் உதவி அலுவலரோ, பள்ளித் தலைமையாசிரியரோ நாள்தோறும் ஆறு இலட்சம் கிராமங்களில் வேலை செய்வதில்லை. அவர்களுக்குரிய ஊர்கள் ஐந்து, பத்து, மிகுந்தால் ஐம்பது. ஊழியர் தமது கடவுச்சொல்லைக் கொடுத்து உள்ளே நுழைந்தவுடன், அவர் யார், எப்பகுதிக்கு உரியவர் என்பது கணிப்பொறிக்குத் தெரிந்துவிடுகிறது. தெரிந்த பின்னும் மாநிலம் எது என்று அவரையே கேட்பது, தபால்காரரிடம் ஒவ்வொரு கடிதத்துக்கும் அவருடைய ஊர்ப் பெயரைக் கேட்பதை ஒக்கும். ஊழியருக்குரிய ஊர்கள் முதலில் தோன்ற வேண்டும். அண்மையில் தெரிந்தெடுத்தவை அவற்றுள்ளும் முன்னே நிற்க வேண்டும். வேற்றூர் வேண்டுமாயின் தேடல் இருக்கவே இருக்கிறது. இச்சிறு பட்டியலைக் கைப்பேசியிலேயே சேமித்து வைத்தால், தொடர்பு அறுந்த இடத்திலும் வேலை நடக்கும்.

நேரக் கணக்கு ஒன்றை இங்குப் போட்டுப் பார்க்கலாம். ஒருவர் நாளொன்றுக்கு 40 பதிவுகள் செய்கிறார். பதிவுக்கு நான்கு படிகள். படிக்கு ஐந்து வினாடி காத்திருப்பு என்று வைத்துக்கொண்டால், மொத்தம் 800 வினாடி. அதாவது நாள்தோறும் 13 நிமிடங்களுக்கு மேல். இந்நேரம் குழந்தையின் எடையைப் பார்ப்பதற்கோ பாடம் நடத்துவதற்கோ உரிய நேரம். நூலகவியல் அறிஞர் எஸ். ஆர். ரங்கநாதன் 1931-இல் வகுத்த ஐந்து விதிகளுள் நான்காவது, வாசகரின் நேரத்தைச் சேமிப்பது பற்றியது. சென்னைப் பல்கலைக்கழக நூலகத்தில் பணியாற்றிய அவர், நூலைத் தேடும் பாட்டை வாசகரிடமிருந்து நூலகத்துக்கு மாற்றினார். இணையப் படிவங்களை வகுப்போர் அவ்விதியைத் தமக்கும் உரியதாகக் கொள்ளலாம்.

தெரிந்தெடுப்பது பெயராயினும் சேமிக்க வேண்டியது குறியீட்டெண்ணே என்பதில் நிபுணர்களிடையே வேறுபாடு இல்லை. பஞ்சாயத்து ராஜ் அமைச்சகத்தின் உள்ளாட்சி விவரத் தொகுப்பு, கிராமங்கள் உள்ளிட்ட அலகுகளுக்குத் தனித்தனி எண் வழங்கியுள்ளது; எல்லாத் துறைகளும் அதையே ஆள்வது நன்று. எண்ணுக்குள்ளேயே பொருளைப் புதைத்து வைப்பதா என்பது மட்டும் சிந்தனைக்குரியது. பள்ளிகளுக்குரிய பதினோரிலக்க யூ-டைஸ் எண்ணில், முதல் இரண்டு இலக்கங்கள் மாநிலம், அடுத்த இரண்டு மாவட்டம், அடுத்த இரண்டு ஒன்றியம், பின் மூன்று கிராமம், கடைசி இரண்டு பள்ளி. ஆசிரியர் பலரும் இதனை மனப்பாடமாக அறிவர். எண்ணைப் பார்த்தே பள்ளி எங்குள்ளது எனக் கூறுவர். ஆனால் மாவட்டம் பிரிந்தால் என் செய்வது? எண்ணை மாற்றினால் பழைய ஆண்டுகளின் விவரங்களோடு தொடர்பு அறும். மாற்றாவிடில் எண்ணே பொய் சொல்லும். பொருளற்ற தொடர் எண்ணுக்கு இத்தொல்லை இல்லை. ரயில்வேயில் இரண்டு விதமும் நிகழ்ந்துள்ளன. சென்னை சென்டிரல் நிலையத்தின் முழுப் பெயர் 2019-இல் மாறியபோதும் எம்.ஏ.எஸ். என்ற குறியீடு மாறவில்லை. அலகாபாத் சந்திப்பு 2020-இல் பிரயாக்ராஜ் சந்திப்பு ஆனபோது ஏ.எல்.டி. என்ற குறியீடும் பி.ஆர்.ஒய்.ஜே. என மாறிற்று. முன்னதே பதிவேடுகளுக்கு உகந்தது என்பது இக்கட்டுரையின் துணிபு.

அஞ்சல் துறையின் பின்கோடு 1972 ஆகஸ்டு 15-இல் நடைமுறைக்கு வந்தது. ஆறு இலக்கங்களைக் கொண்ட இவ்வெண்கள் நாட்டில் ஏறத்தாழ 19,000 உள்ளன. ஊர்ப் பெயரைத் தட்டுவதற்கு இடர்ப்படுவோர்க்கு இது நல்ல துணை. ஆறு இலக்கங்களைத் தட்டினால், இலட்சக் கணக்கான ஊர்கள் சில பத்து ஊர்களாகச் சுருங்கிவிடும். அஞ்சல் எல்லையும் மாவட்ட எல்லையும் ஒன்றல்லவாதலின், இதனைத் தேடலுக்கு மட்டுமே கொள்ள வேண்டும். மாவட்டத்தைத் தீர்மானிக்கக் கொள்ளலாகாது.

இனிச் சிறிய செய்திகள் சில. ஒன்றும் தெரிந்தெடுக்காத நிலையில், பட்டியலின் முதற் பெயரைத் தானாகவே நிரப்பி வைக்கும் படிவங்கள் தீமை விளைப்பன. ஆங்கில அகர வரிசையில் மாநிலப் பட்டியலின் தலைப்பில் நிற்பது அந்தமான் நிகோபார்த் தீவுகள். கவனியாது விட்ட பதிவுகள் அனைத்தும் அத்தீவுகளைச் சென்று சேரும். கட்டம் வெறுமையாகவே இருத்தல் வேண்டும். மேசைக் கணிப்பொறியில், சில உலாவிகளில், பட்டியலைத் தெரிந்தெடுத்த கையோடு பக்கத்தை நகர்த்தச் சுட்டியின் சக்கரத்தை உருட்டினால், பக்கத்துக்குப் பதிலாகப் பட்டியலின் தெரிவு நகர்ந்துவிடும். ஊழியர் அதை அறியவும் மாட்டார். தெரிந்தெடுத்தபின் கிராமம், ஒன்றியம், மாவட்டம், மாநிலம் ஆகிய நான்கையும் ஒரே வரியில் மீண்டும் காட்டிவிட்டால், அனுப்புமுன் கண்ணில் படும்.

இம்மாற்றங்களுக்குப் பணம் செலவாகும் என்பது உண்மையே. படிவங்களை அமைப்போர் குறுகிய காலக்கெடுவுக்குள் வேலை செய்கின்றனர். பல மாநிலங்களுக்குப் பொதுவான ஒரே படிவத்தில் வட்டார வேறுபாடுகளுக்கு இடம் கொடுத்தல் எளிதன்று. எனினும் தேடல் அமைப்பு ஒருமுறை நன்கு செய்யப்பெற்றால், எல்லாத் துறைகளின் படிவங்களுக்கும் அதையே வழங்கலாம். துறைதோறும் தனித்தனியே மோசமான பட்டியல்களை ஆக்கிக்கொள்வது சிக்கனம் ஆகாது.

2025 ஜூன் 16-ஆம் நாளிட்ட அறிவிக்கை, அடுத்த மக்கள் கணக்கெடுப்புக்கு 2027 மார்ச்சு 1-ஐ ஆதார நாளாகக் குறித்தது. பனி சூழ்ந்த பகுதிகளுக்கு 2026 அக்டோபர் 1. கைப்பேசியின் வாயிலாக விவரம் திரட்டுவதும், சாதியைக் கேட்பதும் இக்கணக்கெடுப்புக்கென முடிவு செய்யப்பெற்றவை. கணக்கெடுப்போர் வழக்கம்போல் பெரும்பாலும் ஆசிரியர்கள். 2011-இல் 46 இலட்சம் பெயர்களை விளைவித்த அதே கேள்வி அவர்கள் திரையில் தோன்றும்போது, அதனுடன் எத்தகைய தெரிவுக் கட்டம் இணைந்திருக்கிறது என்பதைப் பொறுத்தே விடையின் மதிப்பு அமையும். பட்டியலில் இல்லாத பெயரை ஒருவர் கூறினால் ஆசிரியர் என்ன செய்வது என்பதற்கும் நேர்மையான வழி வேண்டும். 'மற்றவை' என்ற குழியில் தள்ளுவதும் வழியன்று. ஏறத்தாழ ஒத்த பெயர் ஒன்றைத் தொடும்படி அவரைக் கட்டாயப்படுத்துவதும் வழியன்று. சொன்ன பெயரைச் சொன்னபடியே எழுதி, 'பட்டியலில் காணப்படவில்லை' என்ற குறியோடு அனுப்பவும், அதனை மாவட்ட அளவில் விவரமறிந்தோர் ஆராய்ந்து உரிய இடத்தில் சேர்க்கவும், சேர்த்த செய்தி எழுதிய ஆசிரியருக்கே திரும்பி வரவும் ஏற்பாடு இருத்தல் வேண்டும். புதிய படிவம் எதனையும் நாடெங்கும் அனுப்புமுன், தலைநகரின் வேகமான இணைப்பில் அன்றி, அலைவரிசை வந்து வந்து போகும் ஓர் ஊரில், பழைய கைப்பேசி வைத்திருக்கும் ஐந்தாறு ஆசிரியர்களிடம் ஒரு பிற்பகல் கொடுத்துப் பார்க்கட்டும். எந்தக் கட்டத்தில் அவர்களுடைய விரல் தயங்குகிறது என்பதைப் படிவம் வகுத்தவரே அருகில் அமர்ந்து குறித்துக்கொள்ளட்டும்.